காஷாயம் தரித்த வேட்டைக்காரர்கள்

மின்னியாபோலிஸில் குடியிருக்கும் என் மகளைப் பார்க்கச் சென்றிருந்தபோது, ஓர் அக்டோபர் மாதக் காலையில், மாப்பிள்ளை என்னைப் பறவை பார்க்க அழைத்துச் சென்ற இடம், வேட்டையாடுவோர், மீன் பிடிப்போர், வெறுமனே வேடிக்கை பார்ப்போர் ஆகிய முத்தரப்பினருக்குமாக மின்னசோட்டா மாநில அரசு பராமரித்துவரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பொது நிலங்களில் ஒன்று. வனம் என்றதும் யானையையும் அருவியையும் எதிர்பார்ப்பது நம்மவர் சுபாவம். அங்கே இருந்தவையோ, சரளைக்கல் கொட்டிய வண்டி நிறுத்துமிடம், இடுப்பளவு புல், ஒரு சதுப்பு, துப்பாக்கி ரவை துளைத்த ஓர் எல்லைப் பலகை. அந்தத் துளைகளைப் பார்த்த மாத்திரத்தில், வீடு திரும்பிக் காப்பி சாப்பிடலாமே என்ற யோசனையை மிகுந்த விநயத்துடன் தெரிவித்தேன்.

"பயப்படாதீங்க மாமா, இதைப் போட்டுக்குங்க" என்று கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு வர்ண மேற்சட்டை ஒன்றை மாப்பிள்ளை நீட்டினார். மானின் கண்ணுக்கு அந்த வர்ணம் மங்கலாகத்தான் தெரியுமாம். மனிதனுக்கு வெகு தூரத்திலேயே தெரிந்துவிடுமாம். சந்நியாசிகளுக்கு நம் முன்னோர் விதித்த வர்ணத்தின் ஒன்றுவிட்ட சகோதரனைத் துப்பாக்கி ஏந்தியவர்களுக்குச் சீருடையாக்கிய அந்நாட்டாரின் சமரச ஞானத்தை வியந்தபடி அதை அணிந்துகொண்டேன். (2017 முதல் பளீரென்ற இளஞ்சிவப்பும் அங்கே சட்டசம்மதமே, மாப்பிள்ளை அதை வாங்காதது என் பூர்வ புண்ணியம்.)

புல்லுக்குள் சற்றுத் தூரம் நடந்திருப்போம். கழுத்தில் வெள்ளை வளையமும் முழ நீள வாலுமாக ஒரு ஃபெசன்ட் சேவல், சீனத்திலிருந்து 1880களில் அத்தேசத்துக்குக் குடியேற்றப்பட்ட வம்சத்தின் கொழுந்து, என் காலடியிலிருந்தே கரகரவென்று கூவிக்கொண்டு கிளம்பிற்று. நான் உட்கார்ந்தேன்; உட்கார்ந்த இடம் சேறு.

குட்டையோரம் தூண்டில் போட்டிருந்த கிழவர், நாங்கள் பார்க்க மட்டுமே வந்தவர்கள் என்று அறிந்ததும், சத்திரத்தில் இலவசமாய் உண்போரை நோக்கும் அனுதாபத்துடன் எங்களை நோக்கினார். அதில் நியாயம் உண்டு. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேட்டைத் துப்பாக்கிக்கும் ரவைக்கும் விதிக்கப்படும் 11 சதவீத வரி மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்கே போகிறது; என் பைனாகுலருக்கு அத்தகைய வரி ஏதும் இல்லை. கொல்ல வருபவன் பணம் கட்ட, ஜீவகாருண்யம் பேசும் நான் ஓசியில் தரிசனம் செய்கிறேன்!

இதற்குப் பரிகாரமும் உண்டு. ஜே டார்லிங் என்ற கேலிச்சித்திரக்காரர் வரைந்து 1934இல் ஒரு டாலருக்கு வெளிவந்த, வாத்து வேட்டைக்கான அனுமதி முத்திரை, இப்போது 25 டாலர்; அதன் வருமானத்தில் ஏறக்குறைய முழுவதும் சதுப்பு நிலங்களைக் காக்கவே செலவாகிறது. வாங்குபவர் வாத்தைச் சுட்டாக வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வாசகர்கள், அடுத்த முறை போகும்போது தபாலாபீஸில் ஒன்று வாங்கிவிடுங்கள்.