ஈரப் பருத்தி எடை

ஏலே பேராண்டி, பையை இறக்கி வைக்கதுக்கு முந்தியே அந்தப் பச்சை மூடி போட்ட எடை குறைக்கப் பொடி டப்பாவைத் திண்ணையில வச்சியே, நான் பாத்துட்டேன். என்ன விலைன்னு கேட்டா, "2,400 தாத்தா, ஆஃபர்ல கிடைச்சுது"ங்கே. ஒரே வாரத்துல மூணு கிலோ போயிருச்சாம்ல? சந்தோசம்டே. ஆனா நீ வாசப்படி ஏறும்போது உன் தொப்பை உனக்கு முந்தி உள்ள வந்துச்சே, அது எந்த வாரத்துக் கணக்கு?

கோவில்பட்டிப் பக்கம் பருத்திக் கமிஷன் கடையில முப்பது வருசம் தராசு பிடிச்சவன் நான். எடைன்னா என்கிட்டக் கேளு. சில சம்சாரிக ராத்திரியோட ராத்திரியா மூட்டையை அவுத்து, தண்ணியை வாயில கொப்புளிச்சு ஊதி, திரும்பக் கட்டிக் கொண்டாருவாக. பஞ்சுக்குள்ள கையை விட்டா சில்லுன்னு இருக்கும். நான் வாயைத் திறந்து ஒண்ணும் கேக்க மாட்டேன். "மாமா, ஒரு மணி நேரம் வெயில்ல கிடக்கட்டும், பெறகு நிறுப்போம்"பேன். மூட்டை காயதுக்கு முந்தி அவுக மூஞ்சி காஞ்சிரும்.

அவுக தண்ணியை ஏத்தி ஏமாத்துனாக. உன் பொடிக்காரன் தண்ணியை இறக்கி ஏமாத்துதான், அம்புட்டுதான். உன் அத்தை மக நர்ஸுக்குப் படிக்கால்ல, அவ புஸ்தகத்தை விரிச்சுக் காட்டுனா. ஈரல்லயும் சதையிலயும் ஒடம்பு கொஞ்சம் மாவுச்சத்தைக் கட்டி வச்சிருக்குமாம். அந்த மாவு ஒரு பங்குன்னா, மூணு பங்கு தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிடுமாம். நீ ரெண்டு வேளைச் சோத்தை நிறுத்திப் பொடியைக் கரைச்சுக் குடிச்சா, மொத வாரம் அந்த மாவும் தண்ணியும்தான் பெரும்பாலும் இறங்கும். ஒரு கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்து எந்திரிச்சேன்னா போனதெல்லாம் வீடு வந்து சேந்துரும்.

நம்பலையா? கணக்குப் போடு. ஒடம்புக் கொழுப்பு ஒரு கிலோ கரையணும்னா சுமார் 7,700 கலோரி செலவாகணும். மூணு கிலோவுக்கு 23,100. ஏழு நாளுக்கு வகுத்தா ஒரு நாளைக்கு 3,300. நாற்காலியில உக்காந்து எலியை உருட்டுதவன் நீ, பச்சத்தண்ணி பல்லுல படாமக் கிடந்தாலும் ஒரு நாளைக்கு அம்புட்டு செலவாகுமாலே?

டப்பாவைத் திருப்பிப் பிடி. எது கூட இருக்கோ அதை மொதல்ல எழுதணும்னு விதி இருக்கு. உன் டப்பாவுல மொதப் பேரு என்ன? மால்டோடெக்ஸ்ட்ரின். மாவுச்சத்தை உடைச்சுச் செய்யதாம். சீனிக்கு ஒண்ணுவிட்ட தம்பி. முன்பக்கம் மட்டும் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை'ன்னு கொட்டை எழுத்து! 1954லயே மாய மருந்து விளம்பரத்தைத் தடுக்க ஒரு சட்டம் போட்டாக. குணமாக்குதேன்னு மருந்துக்காரன் விளம்பரம் பண்ணக் கூடாத நோய்ப் பட்டியல்ல உடல் பருமனும் இருக்கு. ஆனா உன் டப்பாவுல மருந்துங்கற பேச்சே இல்லையே, 'ஊட்டச்சத்து'ன்னுல்லா போட்டிருக்கான். மருந்துன்னா அந்தச் சட்டம் பிடிக்கும், ஊட்டச்சத்துன்னா உன்னை மாதிரி ஆளு பிடிக்கும்.

சரி, பொடியை விட்டுட்டுக் கம்புக்கு மாறுதேங்கியா? அதுக்கும் கடை விரிச்சாச்சு. 2023ஐச் சிறுதானிய ஆண்டுன்னு ஐ.நா. அறிவிச்சதுல இருந்து, நாங்க பஞ்சத்துக்குக் குடிச்ச கஞ்சிக்குப் பளபளன்னு உறை போட்டு விக்காக. கம்பு நல்லதுதான், நார்ச்சத்து கூட. ஆனா 100 கிராம் கம்புக்கும் 100 கிராம் அரிசிக்கும் கலோரி கிட்டத்தட்ட ஒண்ணுதான், 350 பக்கம். சீனிக்குப் பதிலாக் கருப்பட்டின்னாலும், அதுவும் இனிப்புக் கணக்குலதான் சேத்தி. நாங்க எலும்பும் தோலுமா இருந்தது கம்பு மகிமையில இல்லடே; விடியுமுன்ன கமலை பூட்டித் தண்ணி இறைச்சோம், பத்தாததுக்குக் கஞ்சியும் அரை வயித்துக்குத்தான்.

மத்தியானம் உன் தட்டைப் பாத்தேன். சோறு மலையாட்டம், கீரை திருஷ்டிப் பொட்டாட்டம். அதைக் கொஞ்சம் திருப்பிப் போடு. தட்டுல பாதி கீரையும் காயும், மிச்சத்துல ஒரு பங்கு சோறு, ஒரு பங்கு பருப்போ முட்டையோ மீனோ. மறுசோத்துக்கு ஆச்சி கரண்டியைத் தூக்கும்போது போனைப் பாத்துக்கிட்டே தலையை ஆட்டாத. ராத்திரி சால்னாவுல ஊற வச்ச நாலு புரோட்டாவை ரெண்டாக்கு. சாயங்காலம் கண்மாய்க்கரை வரைக்கும் நடந்துட்டு வா, பைக்குல போகாம.

ஒரு நாளைக்கு 500 கலோரி குறைஞ்சா, வாரத்துக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியாக் கொழுப்பே இறங்கும். மெதுவாத்தான். எம்புட்டுச் சாப்பாடு 500ன்னு முழிக்காதே. சாத்தூர்ல பஸ்ஸை விட்டு இறங்கி வாங்கிட்டு வந்தியே காராச்சேவு, வழியெல்லாம் கொறிச்சுக்கிட்டு, அதுல 100 கிராம் தின்னாலே 500ஐத் தாண்டிரும்.

டப்பாவைத் தூர எறிஞ்சிராத. மூடி இறுக்கமா இருக்கு, முறுக்குப் போட்டு வைக்க உன் ஆச்சி அப்பவே கண்ணு வச்சுட்டா. பொடியைக் கன்னுக்குட்டித் தண்ணியில ஒரு கரண்டி கலக்கி வச்சுப் பாத்தேன், மோந்து பாத்துட்டு வைக்கோலுக்குப் போயிருச்சு.

மிச்சச் சேவுப் பொட்டலத்தை இங்கன கொண்டா. எத்தனை கிராம்னு நான் நிறுத்துப் பாத்துக்கிடுதேன். ஆச்சிகிட்டச் சொல்லாத.