நிரம்பாத தொட்டி

“செப்டிக் டேங்க் கட்டி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு சார். இதுவரைக்கும் ஒரு லாரியைக் கூப்பிட்டதில்லை!”

சென்னை ஈ.சி.ஆர். பக்கம் வீடு வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மகனுக்கு ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்ததைக்கூட இத்தனை பெருமையாகச் சொல்லமாட்டார்கள்.

வீட்டில் ஐந்து பேர். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கசடை உறிஞ்சி எடுக்க வேண்டும் என்கிறது பொறியியல். கணக்குப்படி லாரி ஏழு தடவையாவது வாசலில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அள்ள அள்ளக் குறையாததற்கு அட்சய பாத்திரம் என்று பெயர் வைத்த நம் முன்னோர், கொட்டக் கொட்ட நிறையாததற்குப் பெயர் வைக்காமல் போய்விட்டார்கள். மேஸ்திரி வைத்திருக்கிறார்: “அடி போடாத டேங்க்.”

அனுமதிக்குக் கொடுத்த வரைபடத்தில் எல்லாம் உண்டு. கான்கிரீட் தரை, நடுவே தடுப்புச் சுவர், தள்ளி ஒரு உறிஞ்சுகுழி. மண்ணுக்குள் இருப்பதோ நாலு சிமெண்ட் உறை, மேலே ஒரு மூடி, கீழே கடவுள் போட்ட மணல். கையெழுத்துப் போட்ட அதிகாரி காகிதத்தைத்தான் பார்த்தார். காகிதம் நாறவில்லை.

திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை நீளும் அந்த மணல், மழையைக் குடித்து நன்னீராகச் சேர்த்து வைக்கும் மணல். மழை எது, மலம் எது என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. இருபதடி தள்ளி நம்மவரின் போர்வெல். அதில் வருவதைக் குடிக்க முடியவில்லை என்று கேன் வாங்குகிறார். “கார்ப்பரேஷன் என்ன சார் பண்றான்?” என்று கேட்கிறார். மணலில் தங்காமல் நகர்ந்த கழிவு பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் போகிறது. ஞாயிறு காலையில் இவர் கையுறை மாட்டிக்கொண்டு அதே கடலோரத்தில் பிளாஸ்டிக் பொறுக்குகிறார், படம் எடுத்துக்கொள்கிறார், குப்பத்து ஆட்கள்தான் கடலை அசிங்கம் செய்கிறார்கள் என்று வருத்தப்படுகிறார். அந்தக் கடலில் வலை இழுப்பவன் காதில் இது விழாதவரை நல்லது.

அரசு சும்மா இல்லை. செப்டிக் டேங்க் கசடுக்கு 2014இல் வழிகாட்டு நெறிமுறை, 2022இல் ஒழுங்குமுறை விதி. கழிவுநீர் லாரிக்கு உரிமம் வேண்டும். கண்ட இடத்தில் கொட்டினால் முதல் முறை 25,000 ரூபாய், அடுத்து 50,000. கொட்டுகிறவனைப் பிடிக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அடி போட்டுத் தொட்டி கட்டி, நிரம்பியதும் லாரிக்குப் பணம் கொடுக்கிறவன் தெருவில் ஏமாளி. லாரியே தேவைப்படாதவன் கெட்டிக்காரன். இருபத்திரண்டு வருடமாக இரவும் பகலும் மண்ணுக்குள் கொட்டுகிற இவருக்கு அபராதச் சீட்டு எழுத ஒரு கையும் நீளவில்லை. மூடியைத் தூக்கிப் பார்த்தால் போதும். தூக்கினால் கவுன்சிலர் வீட்டு மூடியையும் தூக்க வேண்டி வரும்.

கோவளம் கடற்கரைக்கு 2021இல், தூய கடற்கரைக்கான நீலக்கொடி கிடைத்தது. அந்தக் கொடிக்காக நூறு மில்லிலிட்டர் கடல்நீரில் எத்தனை மலக்கிருமி என்று எண்ணிப் பார்க்கிறார்கள். சற்று வடக்கே, அந்தக் கால்வாய்த் தண்ணீர் கடலில் சேரும் முட்டுக்காடு முகத்துவாரம். அங்கே யாரும் கொடி நடவில்லை.

ஐயா, அம்மா, உங்கள் வீட்டு டேங்க் கடைசியாக எப்போது நிரம்பியது?