அஞ்சாயிரத்துக்குள்ள ஒரு ஆம்ப்

வெளியூர் கிளம்புகிறவர்களுக்கு வழக்கமாக இருக்கும் கவலைகள் மூன்று. டிக்கெட் கன்ஃபர்ம் ஆயிற்றா, லோயர் பெர்த் கிடைத்ததா, இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவியாயிற்றா. நம்மாள் இந்த மூன்றையும் வீட்டம்மாவிடம் ஒப்படைத்துவிடுவார். அவர் கவலை வேறு. பாண்டியன் எக்ஸ்பிரஸில் மதுரைக்குப் போகிற அந்த ஒரு ராத்திரிக்கு எந்த ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரை எடுத்துப் போவது, அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் எவ்வளவு, பேட்டரி விழுப்புரம் தாண்டுமா என்பதுதான்.

இவர் பணக்காரர் இல்லை. பணம் படைத்த இசைப்பித்தர்கள் தனி ரகம். ஹாலில் ஆளுயர ஸ்பீக்கரை நட்டு, அதற்கு எதிரே ஒரே ஒரு நாற்காலியைப் போட்டு, யாரையும் உட்கார விடமாட்டார்கள். நம்மாள் மாதச் சம்பளக்காரர். வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, பையனுக்கு டேர்ம் ஃபீஸ் கட்ட வேண்டும். அதனால்தான் இவர் பிரயாண ரசிகராக மாறினார். வீட்டில் பாட்டுக் கேட்க உட்கார்ந்தால் கேஸ் புக் பண்ணச் சொல்வார்கள். ரயிலில் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

"அஞ்சாயிரத்துக்கு மேல ஒரு பைசா கிடையாது சார், ஸ்ட்ரிக்ட் பட்ஜெட்" என்று ஆரம்பிப்பார். நமக்கும் மரியாதையாகத்தான் இருக்கும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் பேச்சு ஏழாயிரத்தில் நிற்கும். அஞ்சாயிரம் ரூபாய்ச் சாமானில் 3.5 மில்லிமீட்டர் ஓட்டை மட்டும்தான் இருக்கிறதாம். இன்னும் இரண்டாயிரம் போட்டால் 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு ஓட்டையும் வருகிறதாம். ஒரு ஓட்டைக்கு இரண்டாயிரமா என்று நாம் வாயைப் பிளப்பதற்குள், ஒன்பதாயிரத்தில் ப்ளூடூத்தும் சேர்ந்து வருவதைக் கண்டுபிடித்திருப்பார். அந்தப் பெரிய ஓட்டையில் செருக இவரிடம் இருக்கும் இயர்போன் வயர் பொருந்தாது. வயர் தனியாக வாங்க வேண்டும். இருக்கும் இயர்போனிலோ வயரைக் கழற்றவே முடியாது. ஆகவே புது வயரை மாட்டுவதற்கு ஒரு புது இயர்போன். கடைசியில் கணக்குப் போட்டால் பதினாறாயிரம் ஆகியிருக்கும். ஆனால் ஆம்ப்புக்குச் செலவழித்தது என்னவோ பட்ஜெட்டுக்குக் கொஞ்சம்தான் மேலே என்பது அவர் கட்சி. மற்றதெல்லாம் 'ஆக்சஸரீஸ்' கணக்கில் போய்விடும்.

வீட்டில் சொல்லும் விலை இன்னொன்று. "எண்ணூறு ரூபாதான், சார்ஜர் மாதிரி ஒண்ணு" என்று சொல்லி வைத்திருப்பார். வீட்டம்மா நம்பினாளோ இல்லையோ, மேலே கேட்கவில்லை. ஆனால் பொங்கலுக்கு வந்த மைத்துனன் அதை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "அருமையா இருக்கு அத்தான், எண்ணூறுதானே, எனக்கு ரெண்டு வாங்கிக் குடுத்துடுங்க" என்றான். அன்றைக்கு நம்மாள் பொங்கல் சாப்பிட்ட அழகை விவரிப்பதற்கில்லை.

ரயிலில் இவர் கடை பரப்புவதைப் பார்க்க வேண்டும். தாம்பரம் தாண்டி டி.டி.இ. போனதும் நகைக்கடையில் இலவசமாகக் கொடுத்த சிவப்பு ஜிப் பர்ஸைத் திறப்பார். உள்ளே போனில் செருகும் குட்டி ஆம்ப்புகளான டாங்கிள்கள் சுண்டுவிரல் நீளத்தில் மூன்று, சுருட்டி ரப்பர்பேண்டு போட்ட வயர்கள், காதில் வைக்கும் ரப்பர் மொட்டுகள் மூன்று சைஸில், தீப்பெட்டி சைஸில் ஒரு உலோகப் பெட்டி. போனை மல்லாக்கப் போட்டு அதன் முதுகில் பெட்டியை வைத்து, இரண்டுக்கும் நடுவே விரற்கடை நீள ஓ.டி.ஜி. வயரைக் குடுமி போல வளைத்துச் செருகி, மொத்தத்தையும் இரண்டு கறுப்பு ரப்பர் வளையங்களால் இறுக்குவார். இப்போது அது சட்டைப் பையில் நுழையாது, தலையணைக்கு அடியில் நிற்காது, கையில் பிடித்தால் சூடு. ஒரு கையில் அதைத் தாங்கிக்கொண்டே மறுகையால் இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பார். எதிர் சீட்டுப் பெரியவர் "தம்பிக்கு சுகரா? இது என்ன மிஷின்?" என்று பரிவோடு விசாரிப்பார்.

அந்தக் கேள்விக்குப் பதில் செங்கல்பட்டில் தொடங்கும்.

முதலில் டேக் என்றால் என்ன என்பது. போனுக்குள் பாட்டு எண்களாகத்தான் கிடக்கிறது. அதை மின்னலையாக மாற்றுகிற சில்லுதான் டேக். அந்த அலைக்கு வலுவேற்றி இயர்போனைத் தள்ளுவது ஆம்ப். இது வரைக்கும் பெரியவருக்கும் விளங்கும். அதற்கப்புறம் சில்லுகளின் குலம் கோத்திரம் வரும். ஜப்பானில் நோபெயோகா என்ற ஊரில் ஏ.கே.எம். கம்பெனியின் சில்லுத் தொழிற்சாலை 2020 அக்டோபரில் தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. அதை இவர் சொல்லும்போது தொண்டை கம்மும். அந்தச் சில்லு கிடைக்காமல் உலகமெங்கும் ஆம்ப் செய்கிறவர்கள் வேறு கம்பெனிச் சில்லுக்கு மாறியது, அதனால் அந்த 'வெல்வெட் சவுண்டு' போனது எல்லாவற்றையும் ஒரு சாவு வீட்டு நிதானத்தோடு விவரிப்பார். பெரியவர், யாரோ நெருங்கிய உறவு போலிருக்கிறது என்று எண்ணி, "மனசைத் தேத்திக்கணும் தம்பி" என்பார்.

வாங்கி மட்டும் திருப்தியடைகிற ஆள் இல்லை இவர்; செய்தும் பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் சூ மோய் என்பவர் 1990-களில் ஒரு எளிய சர்க்யூட்டை வெளியிட்டார். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு ஐ.சி., கைப்பிடி அளவு ரெசிஸ்டர், கெபாசிட்டர். அதை அங்கே ஆல்டாய்ட்ஸ் என்கிற புதினா மிட்டாயின் தகர டப்பாவில் அடைத்துக்கொள்வது வழக்கமாகி, சீமோய் ஆம்ப் என்றே பேர் நிலைத்துவிட்டது. நம்மாள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து சாமான் சேர்த்தார். ஆல்டாய்ட்ஸுக்கு எங்கே போவது? பரணிலிருந்த பழைய பெருங்காய டப்பாவைக் கழுவி அதில் அடைத்தார். நன்றாகவே பாடியது. பாட்டு மட்டும் கொஞ்சம் ரச வாசனையோடு வரும்.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருமுறை டெல்லிக்குப் பிளேன் ஏறப் போனார். சோதனைத் தட்டில் எக்ஸ்ரே கண்ணுக்குத் தெரிந்தது என்ன? தகர டப்பா, உள்ளே பேட்டரி, சிவப்பும் கறுப்பும் வயர், மூடியில் ஒரு சுவிட்ச். ஜவான் ஓரமாக நிற்கச் சொன்னார். நம்மாளுக்குத் தெரிந்த இந்தி மொத்தமும் நாலைந்து சொல். அதில் ஆம்ப்ளிஃபயர் இல்லை. வேறு வழியின்றி ஜவானின் காதில் இயர்போனை மாட்டி, டப்பாவை ஆன் செய்து, இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்'டைப் போட்டுக் காட்டினார். ஜவான் கொஞ்ச நேரம் கேட்டார். டப்பாவை மோந்து பார்த்தார். "ஹிங்?" என்றார். போகச் சொல்லிவிட்டார். தன் வாழ்நாளில் கிடைத்த ஒரே நடுநிலையான விமர்சனம் அதுதான் என்று நம்மாள் இன்றைக்கும் சொல்வார்.

இவர் கும்பிடும் சாமி ஒருவர் உண்டு. பெயரை வெளியிடாத ஒரு பொறியாளர், 2011-ல் ஓ2 என்றொரு ஆம்ப்பின் வடிவமைப்பை எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் வைத்தார். இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். காதை நம்பாதே, மீட்டரை நம்பு என்பார். கொள்ளை விலை ஆம்ப்புகள் செய்வதை இது குறைந்த செலவில் செய்யும் என்று அளந்தே காட்டினார். விலையுயர்ந்த ஆம்ப் விற்கிறவர்களோடு ஓயாத சண்டை. 2012-ல் திடீரென்று எழுதுவதை நிறுத்தினார். அவர் யார், எங்கே போனார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை. "சித்தர் சார் அவரு. வந்தாரு, ரகசியத்தைச் சொன்னாரு, மறைஞ்சுட்டாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். சித்தர் சொன்ன ரகசியம், அதிக விலை கொடுக்காதே என்பது. அதைப் பின்பற்றித்தான் இவர் எட்டு ஆம்ப் வாங்கினார்.

இனி இவர் உண்மையில் எதைக் கேட்கிறார் என்று பார்த்தால், பெரும்பாலும் பாட்டை இல்லை. 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் வரை வாசிக்கும் என்று பெட்டியில் அச்சடித்திருக்கிற கருவியில் இவர் போடுவது, எண்பதுகளின் டீக்கடை கேசட்டிலிருந்து யாரோ பிற்பாடு ஏற்றி வைத்த 128 கேபிபிஎஸ் எம்பி3. பல்லவியில் கேசட்டின் இரைச்சல் கேட்கும். முன்பைவிடத் துல்லியமாகக் கேட்கும். "பாருங்க, திரை விலகிடுச்சு!" என்பார், கருவறையில் தீபாராதனை பார்த்த மாதிரி. அனுபல்லவிக்குப் போகுமுன் நிறுத்தி, டாங்கிளை மாற்றி, அதே இரண்டு வரியை மறுபடி போடுவார். இதில் 'பேஸ்' இறுக்கம், அதில் 'மிட்ஸ்' முன்னால் நிற்கிறது. இப்படியே சென்னையிலிருந்து மதுரைக்குள் ஒரு பாட்டின் சரணத்தைக்கூடப் பார்க்காமல் போய்ச் சேர்ந்த ராத்திரிகள் உண்டு. புது ஆம்ப் நன்றாக இல்லையென்றாலும் கவலைப்பட மாட்டார். அது நூறு மணி நேரம் ஓடினால்தான் பதம் வரும், அதற்குப் பெயர் பர்ன்-இன். நூறு மணி நேரத்தில் பதம் வருவது அவர் காதுதான் என்று சொன்னால் முகம் சுண்டிவிடும்.

இவர் கணக்குத் தெரியாதவர் அல்லர் என்பதுதான் வேடிக்கை. பெரியவருக்கே பேப்பரில் போட்டுக் காட்டுவார். போன் தருவது ஒரு வோல்ட் என்று வைத்துக்கொள்வோம், இயர்போன் 32 ஓம். வோல்டேஜின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் 31 மில்லிவாட். காதுக்குள் செருகும் நல்ல இயர்போன் ஒரு மில்லிவாட்டுக்கே 110 டெசிபல் கத்தும். மனிதன் பாட்டுக் கேட்க 85 டெசிபலே அதிகம். அதற்கு வேண்டியது 0.003 மில்லிவாட். அதாவது கையில் இருப்பது தேவையைப்போல் பத்தாயிரம் மடங்கு. பாட்டின் நடுவே திடீரென்று விழும் தவில் அடிக்கென்று நூறு மடங்கு ஒதுக்கினாலும், இன்னும் நூறு மடங்கு மிச்சம். "அப்ப இந்த டப்பா எதுக்குத் தம்பி?" என்று பெரியவர் நியாயமாகக் கேட்பார். "ஹெட்ரூம் வேணும் சார்" என்பார் நம்மாள். மிச்சமிருக்கும் வலுவால் ஒரு பலனும் இல்லாமல் இல்லை. நுட்பமான இயர்போனை வலுத்த ஆம்ப்பில் செருகினால், பாட்டு ஓயும் இடங்களில் உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்கும். அதைப் போக்க வேறொரு ஆம்ப் வாங்கலாம்.

ஆம்ப் நியாயமாகத் தேவைப்படும் ஹெட்போனும் இவரிடம் ஒன்று உண்டு. தீபாவளி போனஸில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய சென்ஹைசர் எச்.டி. 600. 1997-ல் வந்த மாடல், 300 ஓம், இன்றும் மதிப்புக் குறையவில்லை. போனில் நேராகச் செருகினால் சற்றுச் சோனியாகத்தான் பாடும். ஆனால் அது முதுகு திறந்த ஹெட்போன்; உள்ளே பாடுவது வெளியே கேட்கும், வெளியே நடப்பது உள்ளே வரும். அதை மாட்டிக்கொண்டு சைடு லோயரில் சாய்ந்தால், இவர் கேட்கும் பாட்டை அந்த பே முழுக்கக் கேட்கும். "காபி காபி" என்பதும் அப்பர் பெர்த் குறட்டையும் அட்சரம் பிசகாமல் இவர் காதில் விழும். கொள்ளிடம் பாலத்தில் ரயில் ஏறும்போது 120 டெசிபல் சுத்தம் என்று அட்டையில் போட்ட ஆம்ப் கையில் பளபளக்க, பாட்டு பாலத்தின் இரும்புக்குள் மூழ்கிப் போகும். பயணத்துக்கு ஏற்ற இயர்போனுக்கு ஆம்ப் தேவையில்லை, ஆம்ப் தேவைப்படும் ஹெட்போன் பயணத்துக்கு ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவேதான் ஒரு தொழிலே நடக்கிறது. சீனாவில் குவாங்சோவிலும் ஷென்சென்னிலும் கம்பெனிகள் வருஷத்துக்கு ஒரு மாடல் விடுகின்றன.

அந்த டாங்கிளும் சும்மா இருப்பதில்லை. போனிலிருந்தே கரண்ட் உறிஞ்சும். பல ரயில்களில் ராத்திரி 11 மணிக்கு மேல் சார்ஜிங் பாயிண்டில் கரண்ட் இருக்காது. திண்டுக்கல் வருவதற்குள் போன் செத்து, அலாரமும் அதோடு செத்து, மதுரையில் இறக்கிவிட அந்தப் பெரியவர்தான் தட்டி எழுப்புவார்.

என்னைக் கேட்டால், போனில் பழைய வட்ட ஓட்டை இருந்தால் அதுவே போதும். இல்லாதவர்களுக்கு ஆயிரம் ரூபாய் வாக்கில் ஒரு டாங்கிள். 2016-ல் ஐபோன் 7-லிருந்து ஓட்டையை எடுத்துவிட்டு ஆப்பிள்காரர்கள் ஒன்பது டாலருக்கு விற்க ஆரம்பித்த வெள்ளை வால் இருக்கிறதே, அந்த வர்க்கத்துச் சாமான். டைப்-சி மாடலைச் சில ஆண்ட்ராய்டு போன்களில் மாட்டினால் சத்தம் குறைவாக வரும், கடையிலேயே செருகிப் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சக் காசில் காதை நன்றாக அடைக்கும் ரப்பர் மொட்டு சரியான சைஸில் வாங்குங்கள்; ரயில் இரைச்சலுக்கு எந்த ஆம்ப்பையும்விட அது உருப்படியான மருந்து.

அப்படியும் ஆம்ப்தான் வேண்டும் என்று ஆசை விடாவிட்டால் புதிதாக வாங்காதீர்கள், நம்மாளைப் பிடியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒன்றை விற்றால்தான் அடுத்ததற்குப் பணம் சேரும் என்பதால் அவர் கையில் எப்போதும் ஒன்று விற்பனைக்கு இருக்கும். பில், அட்டைப்பெட்டி, மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாள் எல்லாம் பத்திரமாக இருக்கும். பேரம் பேசினால் பாதி விலைக்கே இறங்கிவருவார். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மட்டும் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். அவர் வீட்டுக்குப் போகாமல் ஆபீஸ் வாசலில் சந்திப்பது இருவருக்கும் நல்லது.