அம்மாவின் றோஸ், மகளின் றோஸ்

எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கப் கேக்குகளுக்கு நிறம் என்றால் றோஸ்தான். கொழும்பிலிருந்து யாராவது வரும்போது வாங்கி வந்த சின்னச் சிவப்புக் கலரிங் போத்தல் ஒன்று அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும். பிறந்தநாளுக்குத்தான் அது கீழே இறங்கும்.

கேக் அடிப்பது அப்போது முழுப்பகல் வேலை. மாஜரீனும் சீனியும் வெளுத்துப் பொங்கும்வரை அகப்பையால் அடிக்க வேண்டும். ஒருவர் கை சோர்ந்தால் அடுத்தவர் வாங்கிக்கொள்வார். வீட்டில் போறணை இல்லை. பெரிய சட்டிக்குள் மணல் பரப்பி, மூடியின்மேல் தணல் போட்டு, மேலும் கீழும் சூடு கொடுத்து வேகவைப்போம். கேக்குகள் கூடிப்போனால் தட்டுகளைச் சந்திப் பேக்கரிக்குக் கொண்டுபோவோம். பாண் எடுத்து முடிந்த போறணையின் மிச்சச் சூட்டில் அவை வெந்து வரும். ஐசிங்குக்கும் அஸ்ட்ரா மாஜரீன்தான். பட்டரில் செய்த ஐசிங் எங்கள் வெக்கையில் நிற்காது, பூப்போட்ட கொஞ்ச நேரத்திலேயே வழிந்துவிடும்.

எண்ணெய்த் தாளைக் கூம்பாகச் சுருட்டி, நுனியைக் கத்தரித்து, அம்மா அதற்குள் ஐசிங்கை நிரப்புவார். அவர் மனதில் இருந்தது பிஸ்கட் ரின் மூடியில் அச்சடித்திருந்த கடுஞ்சிவப்பு றோசாப்பூ. கைக்கு வந்ததோ வேறொரு நிறம். மாஜரீனே மஞ்சள், அதில் சிவப்பு விழுந்தால் செம்மஞ்சள் கலந்த ஒரு மங்கல் றோஸ்தான் வரும். "நிறம் காணாது" என்று அம்மா இன்னும் சில துளி விடுவார். அந்தத் தண்ணீர்க் கலரிங்கைக் கொழுப்பு இலகுவில் ஏற்காது. கூடக்கூட விட்டால் ஐசிங் இளகிப் புள்ளி புள்ளியாகத் திரியும், நாக்கிலும் கசப்புத் தட்டும். கடுஞ்சிவப்புக்கு ஆசைப்படுகிற எல்லாரும் முட்டிக்கொள்கிற சுவர் அது.

போத்தல் முடிந்துபோன வருடங்களில் பீற்றூட் வந்தது. வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்ததைத் துருவி, துணியில் பிழிந்து, அந்தச் சாற்றில் ஒரு தேக்கரண்டி. ஐசிங்கை வேகவைப்பதில்லை என்பதால் அந்த நிறம் தப்பிக்கும். கேக் மாவில் கலந்திருந்தால் போறணைச் சூட்டில் பழுப்பாகியிருக்கும். வந்த விருந்தாளிகளிடம் அம்மா முதலே சொல்லிவிடுவார்: "கலரிங் முடிஞ்சு போச்சு, பீற்றூட் சாறுதான் விட்டனான், குறை நினையாதேங்கோ." வெள்ளி மணிகள் இருந்தால் ஒவ்வொரு கேக்கின் நடுவிலும் ஒன்று வைத்து அந்த வெளிறலை ஈடுகட்டப் பார்ப்பார்.

இப்போது லண்டனில் என் மகள் கேக் சாமான் கடையில் நின்று ஒவ்வொரு போத்தலின் பின்பக்கத்தையும் வாசிக்கிறாள். அவள் வாசிப்பதற்குக் காரணம் உண்டு. 2007இல் சவுதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கும் செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேற்றும் கலந்த பானங்களைக் கொடுத்துப் பார்த்து, அவர்களிடம் துறுதுறுப்புக் கூடுவதாக 'லான்செற்' இதழில் எழுதினார்கள். எல்லாப் பிள்ளைகளிலும் ஒரே அளவில் அது தெரியவில்லை. என்றாலும் 2010 ஜூலை முதல் ராற்றசின், கார்மொய்சின் உட்பட ஆறு நிறங்களில் எது சேர்ந்தாலும், பிள்ளைகளின் நடத்தையையும் கவனத்தையும் அது பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையை உணவின் லேபிளில் அச்சடிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமானது. பிரித்தானியா பிரிந்த பிறகும் இங்கே அந்த விதி நிற்கிறது. நாங்கள் கேக்கின்மேல் வைக்கிற ஸ்மாட்டீஸ் மிட்டாயில்கூட 2006இல் நீலம் காணாமல்போய், ஸ்பிருலினா என்ற பாசியிலிருந்து எடுத்த நிறத்தோடு 2008இல்தான் திரும்பி வந்தது.

ஆகவே மகள் வாங்குவது பீற்றூட் தூள். அம்மா விருந்தாளிகளிடம் மன்னிப்புக் கேட்ட அதே பொருள் இன்று பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது, விலையும் கூட. எனக்கு இதில் மனக்குறை இல்லை. வெளிறல்தான் வீட்டு ஐசிங்கின் சரியான நிறம் என்று உறுதியாகச் சொல்வேன். அதில் பட்டரும் வனிலாவும் முதலில் நாவுக்கு வரும், நிறம் பின்னால் நிற்கும். தூளில் தண்ணீர் இல்லாததால் ஐசிங் இளகுவதுமில்லை. மஞ்சள் வேண்டுமென்றால் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போதும். அதன் நிறம் கொழுப்பில் கரைகிறது. நீலம்தான் சிக்கல்: ஸ்பிருலினாவைப் பட்டரில் போட்டால் பச்சைக்குச் சாயும். பட்டரை நன்றாக வெளுக்கும்வரை அடித்துவிட்டு நிறத்தைச் சேர்த்தால் ஓரளவு தப்பலாம். எந்தத் தூளாக இருந்தாலும் நினைத்த நிறத்துக்கு ஒரு படி முன்னமே நிறுத்திவிடுங்கள், ஐசிங்கை வைத்திருக்க வைத்திருக்க நிறம் கூடும்.

எங்களோடு இருக்கும் அம்மா மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. போன மாதம் மகள் பூப்போட்டதைப் பார்த்து, "நிறம் காணாது பிள்ளை, இன்னும் கொஞ்சம் விடு" என்றார். "அம்மம்மா, இது இப்பிடித்தான் இருக்கோணும்" என்றாள் அவள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் உறையவைத்து உலர்த்திய ராஸ்பெரியை இடித்து, சலித்து, மீதி ஐசிங்கில் போட்டாள் மகள். றோஸ் நன்றாகக் கடுத்தது, கூடவே மெல்லிய புளிப்பும் வந்தது. அம்மா விரல்நுனியில் தொட்டு நக்கிப் பார்த்தார்.

"புளிக்குது. ஆனா நிறம் வந்திட்டுது. மிச்சத்துக்கும் இதையே போடு."