பூட்டுவதற்கு ஒரு வீடு

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் எழும்புகிற ஒவ்வொரு சொகுசுத் தொடர்மாடியிலும் இரண்டறை பிளாற் ஒன்று யாழ்ப்பாணத்து எங்கள் தீவுப்பகுதியார் ஒருவரைப் பார்த்தபடி நிற்கிறது. புங்குடுதீவாரா, வேலணையாரா, நயினாதீவாரா என்பதில்தான் வித்தியாசம். குடியிருக்கத்தான் வாங்குகிறார் என்று வங்கி நம்புகிறது, கட்டினவர் நம்புகிறார், வாங்கினவரும் நம்புகிறார். என்னுடைய கட்சி வேறு. தீவார் வீடு வாங்குவது பூட்டி வைக்கத்தான். சந்தேகம் உள்ளவர்கள் புங்குடுதீவுக்குள் ஒரு சுற்றுப் போய்வரலாம். தலைவாசலும் நாற்சாருமாக எழுப்பின கல்வீடுகள் ஓடு சரிந்து, முற்றத்தில் பற்றை மண்டி நிற்கின்றன. திறப்பு மட்டும் பாரிஸிலோ ரொறன்ரோவிலோ ஓர் அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது. கூரை விழுந்த வீட்டுக்குத் திறப்பு எதற்கென்று கேட்கப்படாது. உறுதிக்கு அடுத்த ஆவணம் அதுதான்.

ஏன் சரியாக இரண்டு அறை? ஒன்று வயதுபோன தாய் தகப்பனுக்கு, மற்றது வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு. பிள்ளை வருவதோ நயினாதீவு நாகபூசணி அம்மனின் ஆனித் திருவிழாவை ஒட்டி. கொழும்பில் இரண்டு நாள், மிச்சமெல்லாம் ஊரில். தாய் தகப்பன் பேரப்பிள்ளை பிறந்த கையோடு விசா எடுத்துப் போய்விடுகிறார்கள். இரண்டறைக்கும் பூட்டு. இதில் கடல் தெரிகிற பக்கத்துக்கு விலை கூட. நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் கடல் தெரிகிறதென்று வளவுக்கு ஒரு சதம் ஏற்றிக் கொடுத்தவர் உண்டா? உப்புக்காற்றுக்குத் தகரம் கறள் பிடிக்கும் என்று குறைத்துத்தான் கேட்டிருப்பார்கள். அதே உப்புக்காற்று வெள்ளவத்தையில் பல்கனிக் கம்பியைத் தின்கிறபோது, அதற்குப் பராமரிப்புக் காசு என்று மாதாமாதம் வேறு கட்டுகிறோம்.

சட்டமும் இதற்கு ஒத்தாசை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டுப் பிரசைகள் இலங்கையில் காணி வாங்குவதைத் தடுக்கிறது. ஆனால் முழுக் காசையும் வெளிநாட்டு நாணயமாகக் கொண்டுவந்தால், தொடர்மாடியில் வீடு வாங்க விடுகிறது. ஆகவே ஊர்காவற்றுறையில் பிறந்து பிரெஞ்சுக் கடவுச்சீட்டு எடுத்தவர், இரட்டைக் குடியுரிமை பெறாதவராயின், பிறந்த மண்ணில் ஒரு பரப்புக் காணி வாங்க முடியாது. கொழும்பில் ஆகாயத்தில் வாங்கலாம். (முதுசமாக வருவதற்குத் தடையில்லை. அதையும் பூட்டித்தான் வைத்திருக்கிறோம்.) தொடர்மாடி உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டுச் சட்டமோ, படிக்கட்டு, மொட்டைமாடி, கட்டடம் நிற்கிற நிலம் எல்லாவற்றிலும் வாங்கினவருக்குப் பிரிபடாத பங்கு தருகிறது. வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதற்காக நீதிமன்றப் படி ஏறின பரம்பரைக்கு இது பெரிய சோதனை. எல்லை இருந்தால்தானே எல்லை வழக்கு? கார் நிறுத்துகிற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சாண் உள்ளே வந்துவிட்டார் என்று முறையிட்டு மனதை ஆற்ற வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரி கிட்ட இருக்க வேண்டாமா என்பார்கள். நெடுந்தீவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். கடல் அடித்தால் அதுவும் நிச்சயமில்லை. கரையேறி யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குப் பிறகும் நெடுந்தூரம். இது முழு நியாயம், இதற்கு என்னிடம் பகிடி இல்லை. ஆனால் அந்த நியாயம் குடியிருப்பவருக்கு உரியது. பூட்டின பிளாற்றுக்கு நெஞ்சு வலிப்பதில்லை. பாதுகாப்பு என்பார்கள். 1990களின் தொடக்கத்தில் போரில் தீவுகளை விட்டு ஓடினது உண்மை. 1983 ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தை எரிந்ததும் உண்மை. அந்தக் கணக்கில் இரண்டு ஊரும் சமன். முதலீடு என்பவர்களோடு வாதமில்லை, அதை வீடு என்று சொல்லாவிட்டால் சரி. மிச்சமிருப்பது சீதனம். இதுதான் பலமான ஆட்சேபம். கொழும்பில் பிளாற் இருந்தால் கலியாணப் பேச்சு சட்டென்று முற்றாகிறதாம். முற்றாகட்டும். மாப்பிள்ளை சூரிச்சில், பெம்பிளையும் ஆறு மாதத்தில் சூரிச்சில். பிளாற்றில் யார்? கீழே கதிரையில் இருக்கிற வோச்சர்தான் அந்தக் கட்டடத்தின் நிரந்தரக் குடி, அவருக்கு அங்கே ஒரு சதுர அடிகூடச் சொந்தமில்லை.

வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கிற ஆட்கள் நாங்கள் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆளில்லாத இரண்டு அறைக்குப் பன்னிரண்டு மாதமும் தவறாமல் பராமரிப்புக் காசு கட்டுகிறவர்கள், அதில் ஒரு மாதத்துக் காசின் அளவை ஊருக்கும் அனுப்பி, கிணற்றை இறைத்து, சரிந்த ஓடுகளை மாற்றுவியுங்கள். அடுத்த ஆனித் திருவிழாவுக்கு வரும்போது வாடகைக்கு அறை தேட வேண்டி வராது.