நான் யார் ஆளுங்க, ஐயா?

அனுப்புநர்:
ஆண்டிப்பட்டி – வருசநாடு லைன் சேல்ஸ்மேன்,
தேனி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மண்டல விற்பனை மேலாளர் அவர்கள்,
பிஸ்கட் கம்பெனி தலைமையகம்.

பொருள்: அடியேன் யாருடைய ஆள் எனத் தெளிவுபடுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: நேற்றிரவு 10.40 மணிக்குத் தாங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட வாய்ஸ் மெசேஜ்.

ஐயா,

வணக்கம். மேற்படி வாய்ஸ் மெசேஜில் எங்களைத் தாங்கள் 'நம்ம ஃபேமிலி' என்று வாய் நிறைய அழைத்ததைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டேன். காலையில் முதல் வேலையாக டிஸ்ட்ரிபியூட்டர் ஏஜென்சிக்குப் போய், குடும்பத்தில் ஒருவனாகிவிட்டேனே, இனி பி.எஃப். உண்டா என்று கேட்டேன். "நீ கம்பெனிக்கு ஓடுற ஆளு, அங்க கேளு" என்றார் முதலாளி. தங்கள் ஏரியா ஆபீசர் தம்பிக்குப் போன் போட்டேன். "அண்ணே, நீங்க டிஸ்ட்ரிபியூட்டர் பேரோல்ண்ணே" என்றார். இருவருமே பொய் சொல்லத் தெரியாதவர்கள். ஆகையால் நான் தற்சமயம் இருவருக்கும் நடுவில், க.விலக்கு பஸ் ஸ்டாப் பக்கம் எங்கோ வேலை பார்த்துக்கொண்டிருப்பதாக வைத்துக்கொண்டேன்.

டார்கெட் விஷயத்தில் மட்டும் இந்தக் குழப்பம் ஒருநாளும் வந்ததில்லை. அது வழி தவறாமல் தங்களிடமிருந்தே வருகிறது. போன மாதம் முடித்த தொகைக்கு மேல் கொஞ்சம் கூட்டி வருகிறது. வருசநாட்டில் ஜனம் அதே ஜனம்தான். இலவம்பஞ்சு, முந்திரி சீசன் முடிந்தால் கடையில் கடன் நோட்டுதான் தடிக்கும். ஆனால் தலைமையகத்திலிருந்து பார்த்தால் மாதா மாதம் இவர்களுக்குப் பசி ஏறிக்கொண்டே போவது தெரிகிறது போலும். டார்கெட்டில் 98 சதவீதம் முடித்தவனுக்கு இன்சென்டிவ் பூஜ்யம். பத்தாம் வகுப்பில் 35 எடுத்தாலே பாஸ் போட்டு அனுப்பினார்கள். அந்த வாத்தியார்களைத் தங்கள் கம்பெனியில் சேர்க்காதது நல்லதாகப் போயிற்று.

என் லைனைத் தாங்கள் மேப்பில் பார்த்திருப்பீர்கள். வருசநாட்டைத் தாண்டி ஒரு அக்கா கடை இருக்கிறது. கடைக்குப் பக்கத்திலேயே நின்றால்தான் ஆப் விசிட்டை ஏற்றுக்கொள்ளும். அங்கே டவர் கிடையாது. போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நான் நிற்க, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குள் அக்கா உள்ளே போய் ரிட்டர்ன் பெட்டியை இழுத்து வந்து வைப்பார்கள். எலி கடித்த க்ரீம் பிஸ்கட், நமத்துப் போன ரஸ்க், அடியில் இன்னும் டேப் பிரிக்காத ஒரு கேஸ் குக்கீஸ். அந்தக் கேஸ், முந்தின மாதக் கடைசியில் "இன்னிக்கு மட்டும் இறக்கிக்கங்கக்கா, வித்தா காசு குடுங்க" என்று நான் கெஞ்சி வைத்துவிட்டுப் போனது. "எங்க ஊர்ல யாரு தம்பி அம்பது ரூவா பிஸ்கட்டு திங்கிறா? முதல்ல இத எடு, அப்புறம் பில்லு போடு" என்பார்கள். பழைய பாக்கி 1,800க்கு 500 ரூபாய்த் தாள் ஒன்று நீளும். அந்த நேரம் பார்த்து ஆப்புக்கு உயிர் வந்து, நான் இவ்வளவு நேரம் சும்மா நின்றதாகச் சிவப்பில் காட்டும்.

கம்பெனி வைத்த அளவுக்கு மேல் ரிட்டர்ன் வந்தால் ஏஜென்சி அதை என் சம்பளக் கணக்கில் எழுதிவிடும். குக்கீஸை இறக்கச் சொன்ன குரல் தங்களுடையது, விற்ற கணக்கு தங்களுடையது, நமத்த ரஸ்க் மட்டும் எனக்கு. குடும்பச் சொத்தில் இதுவரை என் பங்குக்கு வந்தது அதுதான்.

பெட்ரோல் 2021இல் லிட்டருக்கு 100 ரூபாயைத் தாண்டியது. என் அலவன்ஸ், அது 70 ரூபாய் விற்ற காலத்தை இன்னும் மறக்க முடியாமல் அங்கேயே நிற்கிறது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று அதே 2021இல் நம் சட்டசபை திருத்தம் கொண்டுவந்தது. எனக்கு அந்தக் குறை கிடையாது. பைக் சீட் இருக்கிறது, தவணையும் நானேதான் கட்டுகிறேன்.

2025 செப்டம்பர் 22 அன்று பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. மக்கள் மகிழ்ந்தார்கள். பழைய விலை அச்சடித்த ஸ்டாக்கோடு உட்கார்ந்திருந்த கடைக்காரர்கள் என் சட்டையைப் பிடித்தார்கள். அந்த வாரம் முழுக்க ஆண்டிப்பட்டி, கடமலைக்குண்டு வட்டாரத்துக்கு நிதியமைச்சகத்தின் செய்தித் தொடர்பாளர் நான்தான். அதற்கும் பேட்டா வரவில்லை.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று ஒருவரைக் கேட்டேன். இருக்கிறதாம். விற்பனை மேம்பாட்டு ஊழியர்களுக்கு என்றே 1976இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருக்கிறது. முதலில் மருந்துக் கம்பெனி ரெப்புகளுக்கு. 2011இல் பிஸ்கட், குளிர்பானம், சோப்பு என்று விரித்தார்கள். நியமனக் கடிதம், ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு எல்லாம் அதில் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. நியமனக் கடிதம் அதிலும் உண்டு. கேட்டுவிட்டு ஆசையாக வந்தேன். கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியது முதலாளி. என் முதலாளி யார்? மறுபடியும் க.விலக்கு பஸ் ஸ்டாப்புக்கே வந்து நிற்கிறேன், ஐயா.

ஏஜென்சிக்காரரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மாதக் கடைசியில் கேட்காத சரக்கை அவர் குடோனிலும்தான் இறக்குகிறீர்கள். அவரும் ஒருவேளை ஃபேமிலியாக இருக்கலாம்.

ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, நியமனக் கடிதம் ஒன்று யார் கையெழுத்திலாவது வாங்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதில் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., பெட்ரோல் காசு, ஞாயிற்றுக்கிழமை ஆகியவை இருந்தால் போதும். நான் தங்கள் ஆள் இல்லை என்பது முடிவானால், அடுத்த மாத டார்கெட்டைத் தங்கள் ஆள் எவரோ அவருக்கு அனுப்பிவைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் ஆப்பில் சிவப்புப் புள்ளியாகத் தெரிபவன்.

பி.கு.: மாதக் கடைசி என்பதால் இன்னும் 14 கேஸ் குக்கீஸ் இறக்கச் சொல்லி இப்போதுதான் மெசேஜ் வந்தது. தலைமையக கேன்டீனில் ரொக்கத்துக்கு எடுத்துக்கொள்வார்களா என்று விசாரித்துச் சொல்லவும். ரிட்டர்ன் எடுக்க மாட்டேன்.