தாலிக்கு யார் சாட்சி?

எழுபதுகளில் நான் மதுரையில் ஜூனியராகச் சேர்ந்தபோது, பண்பாடு என்பது நிரூபிக்க வேண்டிய சமாச்சாரமாக இருந்தது. 'எங்கள் சாதியில் அத்துவிடும் வழக்கம் உண்டு' என்று மனுவில் எழுதிவிட்டால் போதாது. வழக்கப்படியான மணமுறிவுக்கு இந்து திருமணச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த வழக்கம் நெடுங்காலமாக, இடைவிடாமல், ஒரே சீராக நடந்துவந்தது என்று காட்ட வேண்டும். ஆகவே சீனியர் என்னை ஊருக்கு அனுப்புவார். நான் பெரியவர்களை பஸ் ஏற்றிக் கூட்டிவருவேன். டிபன், காபி, வெற்றிலை எல்லாம் கட்சிக்காரர் கணக்கு.

ஒருவர் கூண்டேறி, பஞ்சாயத்தார் முன்னிலையில் பெண் தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் உறவு அற்றுவிடும் என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார்: "இதெல்லாம் இப்ப வந்த பழக்கம்தானே?"

"எங்க அப்பத்தாவுக்கே எங்க தாத்தா ரெண்டாவது புருசனுங்கய்யா."

நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்த நீதிபதி சிரிக்காமல் அதை எழுதிக்கொண்டார். தாலியைப் பற்றி அவர் வீட்டில் என்ன நம்பிக்கை இருந்ததோ, அது தீர்ப்பில் ஏறவில்லை.

இந்தக் கெடுபிடிக்கு வயது அதிகம். 1868இல் ராமநாதபுரம் ஜமீன் தத்து வழக்கில், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் சாஸ்திர வாசகத்தைவிட வலியது என்றது லண்டன் பிரிவி கவுன்சில். அந்தக் கனவான்களுக்கு நம் குடும்ப விவகாரம் எதுவும் தெரியாது. தெரியாததால் கேட்டார்கள்.

கேட்டவர்கள் எல்லாம் நியாயம் வழங்கிவிட்டார்கள் என்றும் இல்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லாது என்றது. வழக்கம் என்று ஏற்பதற்கு அதற்குப் பழமை போதவில்லையாம். புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டவர்களைத் தம்பதியாக்க அண்ணா அரசின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வர வேண்டியிருந்தது.

இப்போது அந்தச் சிரமமெல்லாம் இல்லை. நீதிபதிகள் நம்மவர்கள், எல்லாம் தெரிந்தவர்கள். 2016இல் உச்ச நீதிமன்றம், மகனைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க மனைவி விடாப்பிடியாக முயல்வது கொடுமை என்றது. தனிக்குடித்தனம் மேலைநாட்டுச் சிந்தனையாம். எங்கள் பக்கத்தில் கல்யாணமான மறுவருஷமே உலை தனி, அடுப்பு தனி என்று வைத்துக்கொடுக்கும் மாமியார்கள் இதைக் கேட்டால், தாங்கள் எப்போது சீமைக்குப் போய்வந்தோம் என்று திகைப்பார்கள். 2020இல் குவாஹாட்டி உயர் நீதிமன்றம், மனைவி குங்குமமும் சங்கு வளையலும் அணிய மறுப்பது திருமணத்தையே ஏற்க மறுப்பதன் அடையாளம் என்றது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம், மற்றக் காரணங்களோடு, மனைவி தாலியைக் கழற்றியதையும் மனக்கொடுமையின் கணக்கில் சேர்த்து விவாகரத்து கொடுத்தது. கணவன் உயிரோடிருக்கையில் இந்துப் பெண் தாலியைக் கழற்றமாட்டாள் என்பது ஊரறிந்த விஷயமாம். எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. பஸ் கட்டணம் மிச்சம்.

இடையில் ஒருவர் மட்டும் மரபை மீறினார். 2021இல் சேர்ந்து வாழ விரும்பிய இரு பெண்களின் வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. இந்த விஷயத்தில் தமக்கே முன்முடிவுகள் இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே ஜூன் மாதம் உத்தரவு எழுதினார். "ஜட்ஜே பாடம் படிக்கப் போனா, நாம யார்கிட்ட சார் வாதாடுறது?" என்று பார் ரூமில் ஒரு நண்பர் அங்கலாய்த்தார். நியாயமான கவலை. தெரியாது என்று சொல்லும் நீதிபதியிடம் ஆதாரத்தோடு அல்லவா போக வேண்டும்!

என் ஜூனியர்களுக்கு அந்தத் தொல்லை வைக்கவில்லை. ஊருக்கு அனுப்புவதில்லை, பெரியவர்களைத் தேடச் சொல்வதில்லை. அடுத்த மாத ரோஸ்டரில் குடும்ப வழக்குகள் யாரிடம் வருகின்றன, அவருக்குச் சொந்த ஊர் எது, வீட்டில் கூட்டுக்குடும்பமா தனிக்குடித்தனமா என்று மட்டும் விசாரித்து வரச் சொல்கிறேன். இந்தக் காலத்தில் வழக்கத்தை நிரூபிக்க அதுவே தாராளம்.